பூசை முடியட்டும் என்று சொன்ன அய்யா

அய்யா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகள் நான் வணக்கம் சொல்லித் தொடங்குகிறேன். "நல்லதை மட்டும் எழுது" என்று அண்ணன் எச்சரித்திருக்கிறார். முழுக்க எழுதினால்தான் அய்யாவின் நல்லது விளங்கும் என்பது என் கட்சி.

பாம்பன் பக்கம் ஒரு கடலோரக் குடிசையில் பிறந்து, சின்ன வயதிலேயே தகப்பனை இழந்து, ஒரே தம்பியைத் தோளில் சுமந்து வளர்த்தவர் அய்யா. வள்ளம் ஓட்டித்தான் அண்ணனையும் என்னையும் படிக்க வைத்தார். சனிக்கிழமை மாலை கரையேறிய வள்ளம் ஞாயிறு மாலைவரை கடலில் இறங்கக் கூடாது என்பது எங்கள் ஊர்க்கட்டு. ஊர்த் தலைவராக இருந்த அய்யா, கடவுளே நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனதைப் போல அதைக் காத்தார்.

ஒரு சனிக்கிழமை காற்று மிஞ்சியதால் சித்தப்பாவின் வலை கடலிலேயே தங்கிவிட்டது. ஞாயிறு விடியுமுன் யாரிடமும் சொல்லாமல் அதை எடுக்கத் தனியாகப் போனார். பூசை நேரத்தில் காற்று மறுபடியும் எழுந்தது. சித்தி மாதா கோயிலின் பக்கவாசலுக்கு ஓடிவந்து, "அவுக இன்னும் வரல, யாராச்சும் வள்ளத்தை எடுங்க" என்று கதறினார். நாலு பேர் எழுந்தார்கள். அய்யா திரும்பிப் பார்த்தார்.

"பூசை முடியட்டும். கட்டளைய மீறிப் போனவனுக்காக ஊரே மீறணுமா?"

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பீடத்தில் நின்ற பங்குச்சாமிக்கு விஷயம் தெரியாது. பூசை முடிந்ததும் முதலில் கடலில் இறங்கியது அய்யாவின் வள்ளம்தான். கவிழ்ந்த வள்ளம் மட்டும் கிடைத்தது. சித்தப்பா மறுநாள் கரை ஒதுங்கினார். உடனே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அய்யா தலைவர் பதவியை விட்டார். கோயிலில் கடைசி பெஞ்சுக்குப் போனார். நற்கருணை அப்பமாகிய நன்மை வாங்க எல்லோரும் பீடத்துக்கு நடக்கும்போது அவர் மட்டும் குனிந்து உட்கார்ந்திருப்பார். கடலுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் கூடை மீன் சித்தி வீட்டு வாசலுக்குப் போகும். கூரை மாற்றினார், பிள்ளையைக் கரையேற்றினார், தவக்காலம் முழுவதும் ஒருவேளைச் சோறு. ஆனால் சித்தியின் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததில்லை. ஊர் அவரைப் புண்ணியவான் என்றது. எனக்கு எரிச்சலாக இருக்கும். அடிபட்ட மாடு செக்கைச் சுற்றுவதைப் புண்ணியம் என்பார்களா?

கடைசியில் அய்யாவின் நுரையீரல் ஓய்ந்து, இராமநாதபுரம் மருத்துவமனையிலிருந்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மூச்சு விட்டுவிட்டு வந்தது. பங்குச்சாமி, சாகப்போகிறவருக்குப் பூசும் எண்ணெயும் நற்கருணையும் கொண்டுவந்தார். அய்யா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேணாம் சாமி. நான் இன்னும் செஞ்சு முடிக்கல."

"பெரியவரே, அருள் கூலியில்ல, உழைச்சு வாங்குறதுக்கு. ஆண்டவர் குடுக்கிறாரு, வாங்கிக்கங்க."

"சும்மா குடுத்தா வாங்குற ஆளா நான்?"

அந்த நிலையிலும் வீறாப்பு! எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இவர் இப்படியே போய்விடுவாரோ என்று பயந்தேன். அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு, மண்டபம் ஊரில் மகள் வீட்டில் இருக்கும் சித்தியை அழைத்துவரப் போனார். அந்த ஞாயிற்றுக்குப் பின் எங்கள் வாசலை மிதிக்காதவர் சித்தி. வருவாரா, வந்து என்ன சொல்வார், அதுவரை மூச்சு நிற்குமா என்று எதுவும் தெரியாமல் அய்யாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். பங்குச்சாமியும் நாற்காலியை விட்டு எழவில்லை.

சித்தி வந்தார். கருவாட்டு உப்பு காயாத கையோடு கட்டில் பக்கம் நின்றார்.

"அத்தான், இங்கன பாருங்க. இத்தனை வருசமா மீனு வந்துச்சு, நீங்க வரலயே. அவுக போன அன்னைக்கு உங்கள மண்ணள்ளித் தூத்துனேன். முப்பதாம் நாள் பூசையில மன்னிச்சுட்டேன். அதைச் சொல்ல வாசல்ல நிப்பேன். கூடைய வச்சுட்டு ஓடிருவீக."

"நான் இன்னும் செஞ்சு முடிக்கல, தாயி."

"என்னத்த முடிப்பீக? ஒரு உசுருக்கு எத்தனை கூடை மீனு?"

அய்யா மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தார்.

"சும்மாதான் தாரேன். வாங்கிக்கங்க அத்தான்" என்று சித்தி அவர் கையைப் பிடித்தார்.

அய்யா வாய்விட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். "சாமி, வெளிய போகச் சொல்லுங்க எல்லாரையும்" என்றார். சாமியிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் முடிந்து நாங்கள் உள்ளே வந்தபோது, குழந்தையைப் போல வாயைத் திறந்து நன்மை வாங்கினார். மறுநாள் காலை கண் மூடினார்.

சிகிச்சை அளித்த மருத்துவர்கள், செவிலியர்கள், பங்குச்சாமி, கல்லறைவரை தோள் கொடுத்த ஊரார் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சித்திக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கலாமா என்று அவரிடமே போனில் கேட்டேன்.

"நன்றி கின்னின்னு அச்சடிச்சு எங்கிட்ட கணக்கை நேர்பண்ணப் பாக்குறியாடி? அப்பனும் மகளும் ஒரே அச்சு. வாங்கிக்கவே தெரியாது. பேசாம வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போ."

ஆகவே சித்திக்கு நன்றி எழுதவில்லை. நினைவுப் பூசை முடிந்ததும் நானும் அண்ணனும் வெறுங்கையோடு அங்கே சாப்பிடப் போகிறோம்.