பைசல் என்றால் பணம் அல்ல

1. கைபேசியில் வந்த பதில்

"இன்னாண்ணா, துட்டு வந்துட்சாமே? ஒரு வார்த்தை சொல்லல?"

மேடவாக்கத்தில் கட்டுமான இயந்திரங்களை வாடகைக்கு விட்டுத் தொழில் நடத்தும் கஸ்தூரி அம்மையார், முடிச்சூர் சாலையில் நான் பம்புகளை வாடகைக்கு விடும் ஷெட்டின் வாசலில் ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே இவ்வாறு கேட்டார். கேட்டதோடு கைபேசியையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அதில் எங்கள் பகுதியில் வீடுவீடாகப் போடப்படும் இலவச வாரப் பத்திரிகையின் ஒரு பக்கம் இருந்தது. உள்ளாட்சி மன்றக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர், மழைநீரை வெளியேற்ற இயந்திரங்கள் கொடுத்தவர்களுக்குப் பணம் கொடுத்தாயிற்றா என்று வினவியிருந்தார். அலுவலகம் எழுத்து மூலம் அளித்த பதில் இது: "வரப்பெற்ற பட்டியல்கள் அனைத்தும் உரிய காலத்தில் பைசல் செய்யப்பட்டன. நிலுவை: இல்லை."

பட்டியல் என்பது அலுவலகத் தமிழில் பில். பைசல் என்னும் சொல்லுக்கு எங்கள் தொழிலில் ஒரே பொருள்தான் உண்டு. கணக்கு முடிந்தது, பணம் கைமாறியது என்பதே அது. வாடகைக்கு எடுத்தவர் "பைசல் பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டால் அதன்பின் அவரிடம் நாங்கள் வாய் திறக்க மாட்டோம்.

"எனக்கு ஒரு ரூபா வரலம்மா," என்றேன்.

"அப்போ கவர்மெண்ட்டு பொய் சொல்லுது, நீ மட்டும் உத்தமன்? பில்லு உன் பேர்லதானே போச்சு? துட்டு உன்கிட்டதானே வரும்?"

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்த ஆண்டு மழையில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரின் தாழ்வான தெருக்களில் புகுந்தபோது, அலுவலகத்துப் பொறியாளர் என்னிடம் நான்கு டீசல் பம்புகள் கேட்டார். என்னிடம் இருந்தவை இரண்டு. மற்ற இரண்டையும் என் வாய்ச்சொல்லை நம்பி அனுப்பியவர் கஸ்தூரி அம்மையார். இரண்டும் புதியவை. ஃபைனான்ஸில் வாங்கியவை. மழை ஓய்ந்து, கோடையும் பிறந்துவிட்டது. வாடகை வரவில்லை. தவணை கட்ட வழியின்றி அவர் நாள்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஃபைனான்ஸ்காரன் வூட்டாண்ட வந்து நிக்கறான்ணா. வண்டியில ஏத்திக்கினு போய்டுவான். பேஜார் பண்ணாம சொல்லு, வந்துச்சா வரலயா?"

வரவில்லை என்று மறுபடியும் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

2. மோட்டாரை எப்போது நிறுத்தினீர்?

மறுநாள் அந்த அலுவலகத்துக்குச் சென்றேன். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அந்த ஓர் அலுவலகம் மட்டுமே அப்படி என்று வாசகர் எண்ணிவிடக்கூடும்.

கணக்குப் பிரிவின் கண்காணிப்பாளர் கெட்டவர் அல்லர். என்னை உட்காரச் சொல்லி, கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, "உங்க பில் பைசல்தான் சார்," என்றார்.

"அப்ப பணம் எங்க சார்?"

"பணம்னு யாரு சொன்னா? பைசல்னா அந்த பேப்பர் மேல ஆக்‌ஷன் எடுத்து முடிச்சாச்சுன்னு அர்த்தம். உங்க பில்லுல ஒரு அப்ஜெக்‌ஷன் போட்டு பொறியாளர் பிரிவுக்குத் திருப்பிட்டோம். திருப்பினா அது எங்க டேபிள்ல இல்ல. இல்லாதது எப்படி சார் நிலுவையாகும்?"

இதை அவர் ஏளனமாகச் சொல்லவில்லை. கூட்டல் கழித்தல் கற்பிப்பவரைப் போன்ற பொறுமையுடன் சொன்னார். பொறியாளரோ வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். என் பில் அவருடைய காலி மேசையில் கிடந்தது. அதில் எழுதப்பட்டிருந்த ஆட்சேபம் இதுதான்: "மோட்டார் நிறுத்தப்பட்ட நேரம் தினசரிக் குறிப்பில் காணப்படவில்லை."

"நிறுத்தவே இல்லையே சார்," என்றேன்.

"நிறுத்தாம எப்படி சார் அத்தனை நாள் ஓடும்?"

தொழில் அறியாதவருக்கு இது வியப்பாக இருக்கும். தெருவில் வெள்ளம் நிற்கும்போது டீசல் பம்பை நிறுத்தினால், குழாயில் ஏறிய நீர் இறங்கிவிடும். அடியிலுள்ள வால்வில் பாலிதீன் பையும் செருப்பும் வந்து அடைத்துக்கொள்ளும். மறுபடியும் இடுப்பளவு நீரில் இறங்கித் துழாவி, நீர் ஊற்றி, ஓட வைப்பதற்குள் வடிந்த அளவு திரும்ப ஏறியிருக்கும். ஆகவே இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டீசல் ஊற்றுவோம். ஆள் மாறுவார், மோட்டார் நிற்காது. மக்கள் மாடியில் தவித்துக்கொண்டிருந்த நாள்களில் நாங்கள் நிறுத்தாமல் ஓட்டியதுதான் எங்கள் குறை என்று அந்தத் தாள் சொன்னது.

கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி சொல்றேன் சார். பழச விட்டுடுங்க. இன்னைக்குத் தேதி போட்டு ஃப்ரெஷ்ஷா ஒரு பில் குடுங்க. நிறுத்தின நேரம்னு ஏதாவது எழுதிடுங்க. நானே கையில எடுத்துட்டுப் போய் பாஸ் பண்ணித் தரேன். ஒரு மாசத்துல பணம். எல்லாருக்கும் நல்லது."

எல்லாருக்கும் என்று அவர் கூறியதன் பொருள் படியிறங்கும்போதுதான் விளங்கியது. புதிய பில்லுக்கு ஒரு மாதத்தில் பணம் வந்தால், விரைந்து பணம் வழங்கிய கணக்கில் அது ஒரு பெருமையாகச் சேரும். நாங்கள் காத்திருந்த மாதங்கள் எந்தக் கணக்கிலும் சேராமல் மறையும். சிறுதொழில் செய்பவருக்குத் தாமதித்துப் பணம் கொடுத்தால் வட்டியும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தேதியை மாற்றினால் அந்த வட்டியைக் கேட்க எனக்கு வாய் இராது.

ஆயினும் நான் உடனே மறுத்துவிடவில்லை. ஃபைனான்ஸ்காரர் காத்திருப்பது என் பம்புகளுக்காக அல்லவே.

3. கஸ்தூரி அம்மையாரின் முடிவு

மேடவாக்கத்தில் அவர் யார்டின் வாசலை ஒரு தண்ணீர் லாரி அடைத்துக்கொண்டிருந்தது. டிரைவரைத் திட்டி அனுப்பிவிட்டு வந்தவரிடம் நடந்தவை அனைத்தையும் கூறினேன். ஆட்சேபத் தாளின் நகலையும் காட்டினேன்.

அவர் அதை இருமுறை படித்தார். "அப்போ நீ முழுங்கல."

"முழுங்கலம்மா."

"சரி, குந்து. டீ சொல்றேன்."

மன்னிப்பு என்று தனியாக அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

"புதுத் தேதி போட்டா துட்டு எப்போ?"

"ஒரு மாசத்துல வரும்ன்றாரு."

"பழைய தேதியே இருந்தா?"

"தெரியாது. அதுக்குள்ள உன் பம்ப்ப எடுத்துட்டுப் போனாலும் போவாங்க."

அவர் டீயை இரண்டு முறை ஆற்றினார். பிறகு கேட்டார்: "ஃபைனான்ஸ்காரன் எனக்கு வட்டி எந்தத் தேதியில இருந்து போடறான்? பம்ப் எடுத்த தேதியில இருந்து. நான் போயி, 'இன்னைக்குத்தான் எடுத்தேன்னு எழுதிக்கோடா'ன்னா ஒத்துப்பானா?"

"மாட்டான்."

"அப்போ இவங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு ஒத்துக்கணும்? தேதிய மாத்தாதண்ணா. போனா போவட்டும்."

நான் விடைபெற்றுத் தெருவுக்கு வந்த பின் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "ஒரு பம்பாவது மிஞ்சும்ல?"

4. இரண்டு பத்திகள்

ஆட்சேபத்துக்கு இவ்வாறு பதில் எழுதினேன்: "மோட்டார் நிறுத்தப்படவில்லை. தெருவில் நீர் இருந்தவரை ஓடியது. நிறுத்தப்படாத நேரத்தைக் குறிப்பிட இயலாது." அத்தெருவாசிகள் பலர் அதன் கீழ்க் கையொப்பமிட்டனர். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனுவும் அனுப்பினேன். பைசல் செய்யப்பட்டவற்றுள் பணம் வழங்கப்பட்டவை எவை, வெறுமனே திருப்பப்பட்டவை எவை என்பதே என் கேள்வி.

"கோரும் தகவல் அவ்வடிவில் பராமரிக்கப்படவில்லை" என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்தேன்.

விசாரணைக்கு முன்பே ஃபைனான்ஸ்காரர்கள் வந்து ஒரு பம்பை ஏற்றிச் சென்றனர். அப்போது நானும் அங்கே இருந்தேன். கஸ்தூரி அம்மையார் அழவில்லை. "டேய், ஹோஸ எறக்கி வெச்சுட்டுப் போ. அது நான் ரொக்கம் குடுத்து வாங்கினது," என்று அதட்டி, அந்த நீளக் குழாயைத் தாமே சுருட்டி உள்ளே எடுத்துச் சென்றார்.

விசாரணை நாளில் அவரும் உடன் வந்தார். மேல்முறையீட்டு அலுவலர் ஒரு பெண்மணி. "பணம் வேணும்னா கணக்குப் பிரிவுல கேளுங்க. இங்க தகவல் மட்டும்தான்," என்றார்.

"எனக்குப் பணத்தைப் பத்தின தகவல்தான் மேடம் வேணும். குடுத்தேன்னு சொல்றீங்களா, இல்ல திருப்பினேன்னு சொல்றீங்களா? ரெண்டையும் ஒரே வார்த்தையில சொன்னா எப்படி?" என்றேன்.

கண்காணிப்பாளர் குறுக்கிட்டார். "மேடம், வழக்கமா பைசல்னுதான் போடுவோம்."

கஸ்தூரி அம்மையாருக்குப் பொறுக்கவில்லை. "மேடம், நீங்க பொடவக் கடைக்குப் போறீங்க. பொடவய எடுத்துக்கினு, பில்ல அவன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு, 'பைசல்'னு சொல்லிட்டு வெளிய வந்தா வுடுவானா?"

அலுவலர் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். பின்னர் சிரிப்பை நிறுத்தி, கண்காணிப்பாளர் பக்கம் திரும்பி, இரண்டையும் தனித்தனிப் பத்தியாகப் பிரித்துத் தருமாறு ஆணையிட்டார்.

அவ்வாறே வந்தது. பணம் வழங்கப்பட்டவை என்னும் பத்தி அரைப் பக்கத்தில் முடிந்தது. திருப்பப்பட்டவை என்னும் பத்தி அடுத்த தாளுக்கும் ஓடியது. அதை முன்பு கேள்வி கேட்ட மன்ற உறுப்பினரிடம் கொடுத்தேன். அவர் அடுத்த கூட்டத்தில் அத்தாளை அப்படியே படித்தார். அதன்பின் எங்கள் பில் பழைய தேதியுடனேயே, நிறுத்திய நேரம் எழுதப்படாமலேயே, பாஸ் ஆனது. பணம் வந்த அன்றே கஸ்தூரி அம்மையாரின் பங்கைக் கொடுத்தேன். மிஞ்சிய பம்பின் கடனை அவர் அடைத்துவிட்டார். ஏற்றிச் செல்லப்பட்ட பம்ப் அதற்குள் ஏலத்தில் போய்விட்டது.

5. நிலுவை: ஒன்று

அந்தப் பம்புக்கு ஈடாகும் என்று, தாமதத்துக்கான வட்டியைக் கோரி மனுக் கொடுத்தோம். சில நாள் கழித்துக் கண்காணிப்பாளர் தொலைபேசியில் அழைத்தார்.

"அசல் வந்துடுச்சில்ல சார்? வட்டி மனுவ வாபஸ் வாங்கிடுங்களேன். கணக்குல அசிங்கமா ஒண்ணு நிக்குது."

"நிக்கட்டும் சார்," என்றேன்.

"அடுத்த மழைக்கு உங்களக் கூப்பிட மாட்டாங்க."

"கூப்பிட்டா வருவேன். கூப்பிடலன்னாலும் மனு இருக்கும்."

அண்மையில் மன்றத்துக்கு அளிக்கப்பட்ட பதிலில் இவ்வாறு அச்சாகியிருந்தது: "வட்டி கோரிக்கை. நிலுவை: ஒன்று." பெருமையுடன் அதைக் கொண்டுபோய்க் கஸ்தூரி அம்மையாரிடம் காட்டினேன். அவர் மகிழவில்லை.

"ஒண்ணுதானா? மணல் மூட்ட குடுத்தாரே, ஜெனரேட்டர் குடுத்தாங்களே, படகு குடுத்தாங்களே. அவங்கள்லாம் எங்கண்ணா?"

விசாரித்தபோது, அவர்கள் அனைவரும் புதுத் தேதி போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

சப்ளைத் தொழிலுக்குப் புதிதாக வருவோருக்கு நான் கூறக்கூடியது இவ்வளவே. நிலுவை உண்டா என்று கேட்காதீர்கள். இல்லை என்றே பதில் வரும். எந்த நாளில், எவர் கணக்கில், பணம் சேர்ந்தது என்று கேளுங்கள். பொருளை இறக்கிய நாளே உங்கள் பில்லின் நாள். யாருடைய பெருமைக்காகவும் அதைத் திருத்திக் கொடுக்காதீர்கள்.

மணல் மூட்டைக்காரர் திருநீர்மலை அடிவாரத்தில் குடியிருக்கிறார். பழைய தேதி போட்ட பில்லின் நகல் இன்னும் அவர் வீட்டில் இருக்கும் என்று கஸ்தூரி அம்மையார் உறுதியாக நம்புகிறார். அது கிடைத்தால் அவரும் வட்டி கேட்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவரும் அவரைப் பார்க்கப் போகிறோம்.