சோல் ரப்பர் பிரேக் கட்டை

இரண்டு மாதத்துக்கு முன் ஏலகிரியில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் மலை இறங்கிக்கொண்டிருந்தோம். ஏழெட்டு வளைவு தாண்டியதும் பிரேக் சூடேறிய நாற்றம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. மலைப்பாதையில் போய்வருகிறவர்களுக்கு அது பழகிய நாற்றம்தான். பக்கத்து சீட்டுக்காரர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். என் மனைவி ஜெயந்தி மட்டும் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்து, கண்ணை மூடி, வலது காலால் பஸ்ஸின் தரையை அழுத்திக்கொண்டே வந்தாள். அடிவாரம் வரும்வரை அழுத்தினாள். ஏன் என்று உங்களிடம் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நேராகச் சொல்ல எனக்கு வராது, சுற்றி வளைத்துத்தான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்றத்தைப் பற்றிப் பேச ஆம்பூர்க்காரனுக்கு மற்றவர்களைவிட உரிமை அதிகம். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கர்சீப்பை எடுத்து மூக்கில் வைப்பார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று விசாரிப்போம். தோல் ஊறும் நாற்றம், சாயம், ஒட்டும் பசை எல்லாம் எங்களுக்குக் காற்றில் ஒரு பங்கு. நான் ஷூ கம்பெனியில் சோல் பிரிவில் இருந்தேன். ஜெயந்தி அதே கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் லைனில் இருந்தாள். ஆறு நாள் அந்தக் காற்று. ஏழாவது நாள் வேறு காற்று வேண்டும் என்று நாங்கள் மலைக்குப் போக ஆரம்பித்ததாக நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. உண்மை அவ்வளவு அழகானதல்ல. ஓசியில் சைக்கிள் கிடைத்தது, அவ்வளவுதான்.

கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்து ஆறேழு மாதம் தங்கியிருந்தார். அவரும் அவர் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் தடித்த டயர் வைத்த மலைச் சைக்கிளில் கிளம்பி, சாயங்காலம் செம்மண் பூசிய முகத்தோடு திரும்புவார்கள். கார் இருக்கும்போது இவர்களுக்கு இது என்ன வேண்டுதலோ என்று நாங்கள் சிரிப்போம். ஊருக்குத் திரும்பும்போது இரண்டு சைக்கிளையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அவற்றுக்குக் காற்றடித்துக் கொடுத்ததைத் தவிர நான் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. எங்கள் மகள் பவித்ரா அப்போது மூன்றாம் வகுப்பு. அவளுக்கு வேலூரில் ஒரு சின்ன கியர் சைக்கிள் வாங்கினோம். மூன்று பேரும் கிளம்பினோம்.

முதல் ஞாயிறு எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. தலையில் போட ஹெல்மெட் இல்லாததால் கம்பெனியில் கட்டட வேலைக்கு வைத்திருந்த மஞ்சள் தொப்பிகளைக் கேட்டு வாங்கி மாட்டியிருந்தோம். பவித்ராவின் தொப்பி கண்வரை இறங்கி நின்றது. அதற்குள் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தோம். டீக்கடையில் ஒருவர், குடும்பத்தோடு எங்கே காண்ட்ராக்ட் எடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஜெயந்திதான் மிதிக்க முடியாமல் சிரித்தாள்.

அவளுக்குச் சைக்கிள் புதிதல்ல. பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளில் குடியாத்தத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பள்ளிக்கூடம் போய் வந்தவள். எனக்குத்தான் அந்த கியர்கள் பிடிபட ஒரு மாதம் ஆனது. ஏற்றத்தில் தப்பான பல்லில் போட்டு, சங்கிலி கழன்று, கையெல்லாம் கறுப்பாகி நிற்பேன். அவள் மேலே போய் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள்.

நாங்கள் போன இடத்துக்குப் பெயர்கூடக் கிடையாது. நாயக்கனேரி மலைப்பக்கம் போகும் வழியில், பெரிய மலைக்கு முன்னால் தனியாக நின்ற ஒரு சின்ன மலை. ஆடு மேய்ப்பவர்களும் விறகுக்குப் போகும் பெண்களும் நடந்து நடந்து போட்ட தடங்கள் அதைச் சுற்றி ஏறின. ஒற்றை ஆள் அகலம், ஓரத்தில் உண்ணிச்செடி, நடுவில் சரளைக்கல். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பாறைத் தட்டு உண்டு. அங்கே உட்கார்ந்து ஜெயந்தி கட்டிய எலுமிச்சைச் சாதம் சாப்பிடுவோம். அங்கிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். கம்பெனிக் கூரைகள், ரயில் பாதை, வெள்ளை வெளேரென்று தண்ணீர் இல்லாத பாலாறு. "இங்கேர்ந்து பார்த்தா நம்ம ஊரு எவ்ளோ சுத்தமா கீது" என்றாள் ஜெயந்தி ஒரு தடவை. அப்படி மலைக்குப் போய்வந்த ஒன்றரை வருடம்தான் எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல காலம். அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

சாதம் கட்டிய கை என்றதும் அவள் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். லைனில் அறுபது எழுபது பெண்கள் தைத்தாலும், வெளிநாட்டுக்கு அனுப்புகிற சாம்பிள் ஷூ என்றால் ஜெயந்தியிடம்தான் வரும். தோலில் ஊசி ஒரு தடவை தப்பாக இறங்கினால் அந்த ஓட்டை ஓட்டைதான், பிரித்துத் தைக்க முடியாது. அதனால் வேகமாக ஓட்டுவது பெரிதல்ல, நினைத்த இடத்தில் நிறுத்துவதுதான் தொழில். அவள் கால் பெடலை விட்டால் ஊசி அந்த முனையில் நிற்கும், ஒரு நூல் தள்ளி நிற்காது. சைக்கிளிலும் அப்படியேதான். இறக்கம் முழுக்க அளவாகப் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்குவாள். நான் அவளை பிரேக் பைத்தியம் என்று கேலி செய்வேன். அவள் சைக்கிளில் பிரேக் கட்டைகள் சீக்கிரம் தேய்ந்துபோனதும் அதனால்தான்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. சைக்கிள் கடை பாயிடம் போனேன். நீளமான கட்டை, ஆம்பூரில் கிடைக்காது, பெங்களூரிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார். "ஒரு வாரம் பொறு தோஸ்த், அதுவரைக்கும் மலைக்குப் போவாதே" என்றார். ஒரு ஞாயிறு வீட்டில் இருந்தால் குடி முழுகிவிடுமா? எனக்கு முழுகிவிடும் போலிருந்தது. நானோ சோல் பிரிவுக்காரன். வழுக்காத ரப்பரைப் பற்றி எனக்கே பாடம் எடுப்பாரா இந்த பாய் என்று ஒரு மிதப்பு. எங்கள் பிரிவில் டி.பி.ஆர். என்று ஒரு ரப்பர் உண்டு. குருணையாக வரும். மெஷினில் உருக்கி அச்சில் ஊற்றினால் சோல். ஈரத் தரையில்கூட வழுக்காது என்று சோதனை செய்து சீல் குத்தி அனுப்புவோம். கழித்துப் போட்ட சோல் ஒன்றை எடுத்து வந்து, பழைய கட்டை அளவுக்குச் சீவி, தேய்ந்த கட்டைகள்மேல் கம்பெனிப் பசை போட்டு ஒட்டி, அவள் சைக்கிளில் முன்னும் பின்னும் மாட்டினேன். தெருவில் ஓட்டிப் பார்த்தேன். தொட்டால் நின்றது. ஜெயந்தியிடம் புதுக் கட்டை மாட்டியாச்சு என்று மட்டும் சொன்னேன். பாயைக் கூட்டிவந்து காட்டலாமா என்றுகூட நினைத்தேன்.

சூடு பட்டால் உருகுவதுதான் அந்த ரப்பரின் குணம். அது உருகுவதை நான் தினமும் எட்டு மணி நேரம் கண்ணால் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். வேறு தொழில் செய்கிற எவனுக்கும் சோலை வெட்டி பிரேக்கில் வைக்கத் தோன்றியிருக்காது. அந்தத் தொழில் தெரிந்த எவனும் வைத்திருக்கக் கூடாது.

அந்த ஞாயிறு பாறைத் தட்டிலிருந்து காலை பத்து மணிக்கு இறங்கினோம். செங்குத்தான இறக்கத்தில் பவித்ரா எப்போதும் தள்ளிக்கொண்டுதான் வருவாள். அன்றும் எங்களுக்கு வெகு பின்னால் இருந்தாள். ஜெயந்தி முன்னால், நான் பத்தடி பின்னால். பாதி தூரத்தில் எனக்கு அந்த நாற்றம் வந்தது. மெஷின் வாயைத் திறக்கும்போது வருமே, அதே நாற்றம். அவள் சக்கரத்தின் விளிம்பில் கறுப்பாக மை பூசியதுபோல ஏதோ படிந்திருந்தது. அவள் கைகள் இரண்டும் பிரேக்கை முழுக்க இறுக்கியிருந்தன. வண்டி நிற்கவில்லை. நான் கத்தினேனா என்று ஞாபகமில்லை. வளைவில் தடம் திரும்பியது, அவள் நேராகப் போனாள்.

இடது மணிக்கட்டு இரண்டு துண்டு, தாடையில் ஐந்து தையல். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆடு மேய்க்கிற ஒருவர் ஓடி வந்து தூக்கினார். எப்படியாச்சு என்று அவர் கேட்டபோது என் வாயிலிருந்து வந்தது இதுதான்: பயத்தில் பிரேக் பிடிக்க மறந்துவிட்டாள். யோசித்துச் சொன்ன பொய் அல்ல. ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் அதையே சொன்னேன், மாமியாரிடமும் சொன்னேன். அம்மா ஏன் பிரேக் பிடிக்கவில்லை என்று அழுத மகளிடமும் சொன்னேன். மறுநாள் அந்தக் கட்டைகளைக் கழற்றிப் பாலாற்றில் எறிந்தேன். அதை யோசித்துத்தான் செய்தேன்.

கட்டுப் போட்டுப் படுத்திருந்தவள் மூன்றாம் நாள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள், "நான் புடிச்ச மாதிரிதாங்க ஞாபகம்." அந்த நிமிடம் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. திட்டியிருப்பாள், பிறகு சிரித்தும் இருப்பாள். நான் சொன்னேன்: "இல்ல ஜெயந்தி. நான் பின்னாடியேதான வந்தேன், பார்த்தேன். நீ புடிக்கவே இல்ல." அவள் நம்பிவிட்டாள். நான் சொன்னால் அவள் நம்புவாள்.

எலும்பு கூடியது, மூன்று மாதத்தில் வேலைக்குப் போனாள். ஆனால் மெஷினில் உட்கார மாட்டேன் என்றாள். சமயத்தில் கை கால் நின்றுபோய்விடும், ஒரு தடவை ஆகிவிட்டது, மறுபடி ஆகாது என்று என்ன நிச்சயம் என்றாள். சூப்பர்வைசர் இரண்டு தடவை கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் நூல் வெட்டுகிற மேஜைக்கு மாற்றினார்கள். கற்றுக்கொள்ள வந்த பெண்கள் உட்காரும் இடம் அது. சைக்கிளைத் தொடவில்லை. ஸ்கூட்டர் பழகவில்லை. மெயின் ரோட்டைத் தாண்ட யாராவது துணைக்கு வர வேண்டும். நான் ஓட்டினால் மட்டும் பின்னால் உட்காருவாள். பாயிடம் வந்திருந்த புதுக் கட்டைகளை நான் வாங்கவே போகவில்லை. இரண்டு சைக்கிளும் மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்து, ஒருநாள் பழைய இரும்புக்காரரிடம் போயின. பதினொரு வருடம் இப்படியே போய்விட்டது. பவித்ரா இப்போது கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். அவளும் அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தால், எங்கம்மாவுக்கு பயம் ஜாஸ்தி என்றுதான் தோழிகளிடம் சொல்கிறாள்.

ஏலகிரியிலிருந்து வந்த மறுவாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். சோல், பசை, நாற்றம், பாலாறு, எல்லாம். கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அப்போ நான் புடிச்சேனா?" என்று மட்டும் கேட்டாள்.

"புடிச்ச."

"ரெண்டு கையாலயுமா?"

"ரெண்டு கையாலயும்தான்."

மிச்சமிருந்த பீன்ஸையும் நறுக்கி முடித்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள்.

ஸ்கூட்டரில் போனோம். அந்தப் பக்கம் நானும் வருடக்கணக்காகப் போகவில்லை. திருப்பத்தில் நிறுத்திவிட்டு மலையைத் தேடினேன். மலை இல்லை. ரோடு போட ஜல்லிக்கும் மண்ணுக்கும் வெட்டி வெட்டி, முக்கால்வாசியைத் தின்றுவிட்டார்கள். மிச்சம் ஒரு பக்கச் சுவர் மட்டும் நின்றது. அதற்குக் கீழே பெரிய பள்ளம், பள்ளத்தில் பச்சைத் தண்ணீர், ஓரத்தில் ஒரு டிப்பர் லாரி. பாறைத் தட்டு, ஆட்டுத் தடம், உண்ணிச்செடி எதுவும் இல்லை. விறகுக்காரப் பெண்களும் இல்லை. அவர்கள் வீடுகளில் கேஸ் வந்து எத்தனையோ காலமாகிறது.

"எந்த எடம்?" என்றாள்.

நான் கையை நீட்டினேன். பள்ளத்துக்கு மேலே, ஒரு தென்னை உயரத்தில், வெறும் வெளியில் என் விரல் நின்றது. அங்கேதான் அவள் பிடித்தாள். அவளும் அந்த இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பதினொரு வருஷமா என் கையத்தான் திட்டினு இருந்தேன்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. மறுபடி மெஷினில் உட்காரலாமே என்று நான் ஏதோ உளறினேன். அந்த லைனில் இப்போது இருபது வயசுப் பெண்கள்தான் இருக்கிறார்கள், என்னை யார் உட்கார வைப்பார்கள் என்றாள். ஸ்கூட்டரைத் திருப்பி ஸ்டார்ட் செய்தேன். அவள் ஏறவில்லை.

"நீங்க போங்க. நான் பஸ்ல வர்றேன்."

"ஏன் ஜெயந்தி?"

"என்னையே நான் நம்பாத காலத்துலகூட உங்கள நம்பித்தான பின்னாடி குந்தினு வந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். பஸ் நிற்கும் இடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஒரு லாரி போகும்வரை நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, தனியாகத் தாண்டிப் போனாள். நான் இந்தப் பக்கம் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றேன். பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது.

ஒன்றரை மாதம் ஆகிறது. சமைக்கிறாள், பேசுகிறாள், வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள். என் வண்டியில் மட்டும் இன்னும் ஏறவில்லை.