வானம் சரியில்லை

எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்தவன் நான். இன்று குன்னூரில் மூன்று ஒர்க்‌ஷாப் என் பெயரில் ஓடுகின்றன; எவன் தயவிலும் வந்தவையல்ல. பத்து வயதிலேயே கற்பூர மரத்தின் உச்சிக்கு ஏறி ஏரியல் கம்பி கட்டியவன். அருவங்காடு குவார்ட்டர்ஸில் அப்படி ஏற வேறு ஆள் கிடையாது.

அந்தக் கம்பி அப்பாவுக்காக. ஃபேக்டரி மெக்கானிக்கான அவர், தென்துருவத்துக்குப் போன குழுவில் பனிவண்டிகளைப் பழுதுபார்க்கப் போயிருந்தார். தபால் போகாத இடம். ஞாயிறு காலையில், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒயர்லெஸ்காரர் ஒருவர் வீட்டிலிருந்து சிற்றலையில் பேசுவோம். ஒருவர் ‘ஓவர்’ சொன்ன பிறகுதான் மற்றவர் பேசலாம்.

ஆடி மழையில் தங்கைப் பாப்பா காய்ச்சலில் போய்விட்டாள். ஆபீஸ் மூலம் சேதி அனுப்பலாம் என்றார் மாமா. அம்மா விடவில்லை.

“என்ற வாயால நானே சொல்லிக்கறேனுங்கண்ணா.”

இரண்டு ஞாயிறு வெறும் இரைச்சல்தான்.

“வானத்துல கண்ணுக்குத் தெரியாத கூரை ஒண்ணு இருக்குதுங்கம்மா,” என்றார் ஒயர்லெஸ்காரர். “நம்ம பேச்சு அதுல மோதித்தான் அங்க போய் எறங்குது. சூரியன் கோவிச்சுக்கிட்டா துருவத்துப் பக்கம் அந்தக் கூரை பேச்சையே முழுங்கிரும்.”

மூன்றாம் ஞாயிறு அப்பாவின் குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் வந்தது.

“குரங்குக்குட்டி, உன்ற கம்பி வேலை செய்யுதுடா!”

அம்மா மைக்கைப் பிடித்தாள். “ஏனுங்க… பாப்பா போயிட்டாளுங்க.”

“ஓவர் சொல்லுங்கம்மா,” என்றார் ஒயர்லெஸ்காரர் மெதுவாக.

“ஓவர்.”

வெகுநேரம் இரைச்சல். பிறகு அப்பா: “கேக்கல புள்ள. மறுக்கா சொல்லு. ஓவர்.”

சொன்னாள். மறுபடியும் கேட்கவில்லை என்றார். மூன்றாம் முறை கத்தினாள்: “உங்க பொண்ணு செத்துட்டாளுங்க, ஓவர்!”

“இங்க வானம் சரியில்ல. ஒண்ணுமே கேக்கல. ஓவர்.”

சிக்னல் காட்டும் மீட்டர் முள் நன்றாகத்தான் ஏறி நின்றது. ஒயர்லெஸ்காரர் அதையே பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார்.

நான் போட்ட முடிச்சுதான் கெடுத்துவிட்டது என்று, மழையிலேயே மரமேறி, உள்ளங்கை கிழிய அவிழ்த்துக் கட்டினேன். அம்மா அப்புறம் ஒயர்லெஸ்காரர் வீட்டுப் படி ஏறவில்லை. அப்பாவும் கூப்பிடவில்லை.

அடுத்த வருஷம் அவர் ஊர் திரும்பிப் பெட்டியைத் திறந்தார். எனக்குக் கம்பளித் தொப்பி, அம்மாவுக்குச் சால்வை. பாப்பாவுக்கென்று ஒன்றுமில்லை, அவள் எங்கே என்று அவர் கேட்கவுமில்லை. அம்மா பெட்டியின் அடிவரை துழாவினாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அதற்கப்புறம் சாகும்வரை அவரிடம் எதையும் இரண்டாம் முறை சொன்னதில்லை.

நானோ தொப்பியை மாட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸ் முழுக்கச் சுற்றினேன், இன்னும் ஒரு கிளை மேலே கட்டியிருந்தால் அப்பாவுக்குக் கேட்டிருக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு.