குறை இல்லை என்று பத்துப் பேர் எழுதிய படம்

18-8-1974 பழைய கேமரா, மூர் மார்க்கெட்: ரூ. 275.00
7-2-1977 சுற்றுப் பெட்டி, பதிவுத் தபால்: ரூ. 3.40
10-1-1978 பிலிம் சுருள் ஒன்று: ரூ. 11.50
20-1-1978 கழுவிப் பெரிதாக்க, காஞ்சிபுரம்: ரூ. 14.00
25-6-1978 முதல் பரிசு: ரூ. 150.00

முதல் நான்கும் உத்திரமேரூர் தையல்காரர் தானியேல் கையிலிருந்து போன பணம். ஐந்தாவது அவர் கைக்கு வந்த பணம். பாலாற்றுப் படவட்டத்தின் செயலாளராக நான் இருந்ததால் இந்தத் தேதிகள் என்னிடம் இருக்கின்றன. வட்டத்தில் அவரைவிட நல்ல கேமரா வைத்திருந்தவர்கள் உண்டு. ஆனால் யாராவது என்னிடம் வட்டத்தைப் பற்றிக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தான்.

பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் ஒற்றை மிஷின் போட்ட கடை அவருடையது. காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கறுப்புத் திரை தைத்துக் கொடுக்கப் போனவர், அங்கே கேமராக் கண்ணாடிக்குள் உலகம் தலைகீழாகத் தெரிவதைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு வருஷம் சீட்டுக் கட்டி, மூர் மார்க்கெட்டில் பழைய கேமரா ஒன்று வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் ஏரிக்கரைக்குப் போய்விடுவார். காலனியில் அவரை வேலையற்றவர் என்றார்கள். அவருடைய மனைவி மார்த்தாள், பக்கத்து வீட்டாரிடம், மற்ற ஆண்கள் குடிக்கிறார்கள், இவர் கொக்கு பார்க்கிறார், செலவு ஒன்றுதான் என்று சொல்வார்.

எங்கள் வட்டம் கூட்டம் கூடாத சங்கம். செங்கல்பட்டு, மதுராந்தகம், திருமுக்கூடல், வாலாஜாபாத் என்று பதினொரு பேர். ஒரு அட்டைப்பெட்டி தபாலில் சுற்றிவரும். ஒவ்வொருவரும் தான் எடுத்த படம் ஒன்றை அதில் வைப்பார். ஒவ்வொரு படத்தோடும் ஒரு தாள் இருக்கும். தாளில் இரண்டு பத்தி: நிறை, குறை. மற்றவர்கள் இரண்டையும் எழுதிவிட்டுப் பெட்டியைத் துணியில் தைத்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். குறைப் பத்தியைக் காலியாக விடக் கூடாது. இந்த விதியைக் கொண்டுவந்தவர் செங்கல்பட்டு ஏகாம்பரம், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். குறை சொல்லத் தெரியாதவனுக்குப் படம் பார்க்கத் தெரியாது என்பது அவர் கட்சி.

பெட்டி வந்த அன்று தானியேல் வேலை செய்யமாட்டார். தன் படத்தின் தாளை மிஷின் பலகையில் விரித்து வைத்துப் படிப்பார். திருமுக்கூடல் வேதகிரி அதில் 'நண்பர் தானியேல் அவர்களுக்கு' என்று தொடங்கி எழுதுவார். வேதகிரிக்கு நாற்பது ஏக்கர் நஞ்சை. மார்த்தாளின் தகப்பனார் அந்த வயலில்தான் கூலி வேலை செய்து செத்துப்போனார். "கடைத்தெருவுல நானு 'ஏய் டைலரு' தான் சார். இந்தத் தாள்ல மட்டும்தான் 'அவர்கள்'னு போட்றாங்க" என்று தானியேல் ஒருமுறை என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

1977 ஜனவரியில் ஏரி நிரம்பியிருந்தது. மதகடியில் சம்புக் கோரை ஆளுயரம் வளர்ந்து நின்றது. அதற்குள் ஒரு குருகு கூடு கட்டியிருப்பதை தானியேல் கண்டுபிடித்தார். குருகு என்பது கொக்கு இனத்தில் சிறியது, சம்பு நிறமே அதன் நிறம். ஆபத்து வந்தால் பறக்காது. அலகை வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, சம்புத் தண்டோடு தண்டாக அசையாமல் நின்றுவிடும். குஞ்சும் அப்படியே. பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குப் படாது.

தானியேல் கோணிச் சாக்கைப் பிரித்து ஒரு மறைப்புத் தைத்தார். உள்ளே ஒரு ஆள் உட்காரலாம். கேமராவின் கண் வெளியே பார்க்க அதில் ஒரு சட்டைக் கையை வைத்துத் தைத்திருந்தார். நான்கு மூங்கிலைத் தண்ணீரில் நட்டு, பறவை பழகும்வரை பத்து நாள் வெறும் சாக்கை மட்டும் தொங்கவிட்டு, பிறகு உள்ளே போய் உட்கார்ந்தார். அந்தப் படம்தான் பிப்ரவரியில் பெட்டியில் போயிற்று. மே மாதம் திரும்பி வந்தபோது நிறைப் பத்தியில் நல்ல வார்த்தைகள் இருந்தன. குறைப் பத்தியில் ஏழு பேர் ஒரே குறையை எழுதியிருந்தார்கள்: குஞ்சுகளின் முகத்துக்குக் குறுக்கே சம்பு இலைகள் விழுகின்றன, இலை இல்லாமல் எடுத்திருந்தால் படம் எங்கேயோ போயிருக்கும். அந்த ஏழு பேரில் ஏகாம்பரம் ஒருவர். நான் ஒருவன்.

குறை எழுதியே ஆக வேண்டும் என்பதற்காக எழுதியது அது. எழுதி முடித்ததும் நாங்கள் மறந்துவிட்டோம். தானியேல் மறக்கவில்லை. அவர் தொழிலில் குறை என்றால் சரிசெய்ய வேண்டியது. கை நீளம் என்று சொல்லிக் கொடுத்த சட்டையை வெட்டித் தைத்துத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அவர் அடுத்த ஜனவரிக்காகக் காத்திருந்தார்.

அதே மதகடியில் அடுத்த வருஷமும் குருகு கூடு வைத்தது. மூன்று குஞ்சு. 1978 ஜனவரி பதினொன்றாம் தேதி காலையில் அவர் துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கூட்டுக்கு முன்னால் இருந்த இலைகளை ஒவ்வொன்றாக வெட்டினார். வெயில் ஏறுவதற்குள் படம் எடுத்துவிட்டார். வெட்டிய தழையைக் கட்டிக் கூட்டுக்கு முன்னால் திரும்பச் சாத்திவிட வேண்டும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆனால் பொங்கலுக்கு மூன்றே நாள். கடையில் முப்பத்தெட்டு உருப்படி வெட்டாமல் கிடந்தது. வாசலில் ஆள் நின்றது. சாயங்காலம் போகலாம் என்றார், காலையில் போகலாம் என்றார். போகியும் பொங்கலும் போய், மாட்டுப் பொங்கல் அன்று ஞாயிற்றுக்கிழமை விடியலில்தான் ஏரிக்குப் போனார்.

இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது படம்தான். பின்னால் ஏரித்தண்ணீர் தகடு மாதிரி. நடுவில் கூடு. கூட்டில் மூன்று குஞ்சுகள் அலகை வானத்துக்கு உயர்த்தி, ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கின்றன. ஒரு இலை குறுக்கே இல்லை.

பெட்டி சுற்றிவந்தது. வட்டம் தொடங்கிய நாளிலிருந்து நடக்காதது நடந்தது. பத்துப் பேரும் குறைப் பத்தியில் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள். ஏகாம்பரமும்தான். மூன்று குஞ்சும் ஜெபம் செய்வதுபோல் நிற்கின்றன என்று ஒருவர். நடராசர் சந்நிதியில் நிற்பதுபோல் இருக்கிறது என்று ஒருவர். தாளை நானே கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தானியேல் கடைசிவரை படித்துவிட்டு மடித்து வைத்தார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் அதைச் சென்னையில் ஒரு போட்டிக்கு அனுப்பினோம். முதல் பரிசு வந்தது. பணம் கூரைக்கு ஓலை மாற்றுவதில் போயிற்று. வேதகிரி தன் செலவில் பெரிதாக்கிச் சட்டம் போட்டு உத்திரமேரூர் நூலகத்தில் மாட்டினார். பேப்பர் படிக்க வருகிறவர்கள் ஒரு நிமிஷம் அதன் முன்னால் நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். மார்த்தாளையும் சிலர் அழைத்துவந்து காட்டினார்கள். அவர் பார்த்துவிட்டு, படம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பொங்கலிலிருந்து இந்த ஆள் சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி இருக்கிறாரே, உங்கள் வட்டத்தில் என்ன செய்தீர்கள் என்று என்னைக் கேட்டார்.

ஜூலை இரண்டாம் வாரம். குடும்ப நலப் பிரிவில் வேலை பார்த்த தாமோதரன் என்பவர் அந்தப் படத்தைக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சுவரொட்டிக்குக் கேட்டார். நான்தான் அவரைக் கடைக்கு அழைத்துப்போனேன். தானியேல் ஒரு கால்சட்டைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

"படம் பிரமாதமா கீது தானியேலு. ஒரே ஒரு பேஜாரு. எங்களுக்கு ரெண்டு கொயந்ததான் கணக்கு. இதுல மூணா கீது" என்றார் தாமோதரன். "ஓரமா நிக்குதே, அத்த மட்டும் கத்திரிச்சிட்டா நல்லாருக்கும். நீதான் டைலராச்சே."

நான் சிரித்தேன். தானியேல் கத்தரியைத் துணிமேல் வைத்தார்.

"கத்திரிக்க இன்னா கீது சார். மூணுமே இல்ல."

தாமோதரனுக்குப் புரியவில்லை. இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். தானியேல் என்னை உட்காரச் சொன்னார். பிறகு சொன்னார். இலையை வெட்டியது, தழை சாத்தப் போகாதது, மாட்டுப் பொங்கல் காலையில் பார்த்தது எல்லாம் சொன்னார். கூடு காலி. பக்கத்து மூங்கிலில், அவர் நட்ட மூங்கிலிலேயே, இரண்டு காக்கை உட்கார்ந்திருந்தன. தாய்க்குருகு அவர் கரையேறும்வரை வரவில்லை.

"ஜெபம் பண்றாப்ல கீதுன்னு எய்திக்கிறாங்க. அதுங்க ஜெபம் பண்ணல சார். ஒளிஞ்சிக்கினு கீதுங்க. சுத்தி சம்பு கீதுன்னு நெனச்சிக்கினு ஆடாம நிக்குதுங்க. சம்ப நான் வெட்டிப்போட்டுட்டேன். காக்கா வந்தப்பவும் அப்பிடியேதான் நின்னுகினு இருந்துருக்கும்."

படத்தை நூலகத்திலிருந்து இறக்கிவிடச் சொன்னார். நடந்ததை வட்டத்தாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றார். தெரிந்தால் அவர்கள் தன்னோடு பேசமாட்டார்கள், தாளில் பெயர்கூட எழுதமாட்டார்கள் என்று அவர் நினைத்தார். அந்தப் பயத்தில்தான் ஆறு மாதம் வாய் திறக்காமல் இருந்தார். "போவட்டும் சார். அவங்க எய்தாம வுட்ட பத்திய நானே எய்திடறேன்" என்றார்.

மறுநாள் படத்தை இறக்கினேன். அவர் அதே படத்தின் புதிய தாளில், குறைப் பத்தியில், நடந்ததைப் பதினாறு வரியில் எழுதினார். பெட்டியை நானே தபாலில் சேர்த்தேன்.

அவர் பயந்தது நடக்கவில்லை. நடந்தது வேறு. வேதகிரி, குருவிதானே நண்பரே, மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம் என்று எழுதினார். மதுராந்தகத்து மருத்துவர் ஒருவர், அடுத்த முறை வெட்டாமல் நூல் கொண்டு இலையை விலக்கிக் கட்டலாமே என்று யோசனை சொன்னார். நான்கு பேர் அவருடைய நேர்மையைப் புகழ்ந்தார்கள். ஒருவர் நிறைப் பத்தியில், இந்தப் பதினாறு வரி படத்தைவிட உயர்ந்தது என்று எழுதினார். நானும் ஆறுதல்தான் எழுதினேன். நல்லது செய்வதாகவே நினைத்தேன்.

செப்டம்பரில் தாள் திரும்பியது. தானியேல் கடையில் நின்றுகொண்டே படித்தார்.

"இன்னா சார் இது. தப்பு பண்ணதுக்கும் மார்க்கு போட்றாங்க."

தாளில் ஒன்பது பேரின் கையெழுத்துதான் இருந்தது. ஏகாம்பரம் ஒன்றும் எழுதாமல் பெட்டியைக் கடத்திவிட்டிருந்தார். அவர் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. தானியேல் அந்தக் காலி இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஏகாம்பரம் ஒருவராவது திட்டுவார் என்று எதிர்பார்த்தாரா, அவரும் திட்டாமல் விட்டுவிட்டார் என்று நொந்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த பெட்டிக்குப் படம் தரவில்லை. கேமராவைத் துணியில் சுற்றி மார்த்தாளின் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைக்குப் போகாமல் கடையைத் திறந்து வைத்தார். மார்த்தாள் என்னைத் தெருவில் பார்த்தபோது நிறுத்தினார்.

"வட்டம் வட்டம்னு அந்தாள ஏத்தி வுட்டீங்க. இப்ப சோறு துன்ன மாட்டேங்குது. யாருனா ஒருத்தர் அத்த நாலு திட்டு திட்டுங்க சார். எங்கூட்டு ஆளுக்கு என் திட்டு ஏறாது."

நான் திட்டவில்லை. எனக்கு அந்த யோக்கியதை இல்லை என்று தோன்றியது. அதுவும் ஒரு தப்பித்தல்தான் என்று இப்போது தெரிகிறது.

நவம்பரில் ஏகாம்பரத்தின் கடிதம், தானியேல் பெயருக்கே, என் முகவரிக்கு வந்தது. கடைக்குக் கொண்டுபோனேன். என்னையே படிக்கச் சொன்னார். அவர்களே, நண்பரே என்று ஒன்றும் இல்லை. தானியேல் என்று தொடங்கியிருந்தது.

"தானியேல், தாளில் எழுத நினைத்தேன். இடத்தைப் பார்க்காமல் எழுதக் கூடாது என்று நிறுத்தினேன். முழங்கால் வலியால் தாமதம். சென்ற வாரம் பஸ்ஸில் வந்து மதகடியில் நின்று பார்த்தேன். உங்கள் மூங்கில் நான்கும் இன்னும் அங்கேயே இருக்கின்றன. காக்கைக்கு அவை நல்ல உட்காரும் இடம். அவற்றையும் பிடுங்காமல் விட்டது தவறு. இலையை வெட்டியது தவறு. பொங்கல் வேலையைக் காரணம் சொல்லி ஏரிக்குப் போகாமல் இருந்தது எல்லாவற்றிலும் பெரிய தவறு. மூன்று உயிர் போயிற்று. இதற்கு நான் ஆறுதல் சொல்லமாட்டேன். இலை குறுக்கே விழுகிறது என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். அது படம் பார்க்கத் தெரியாதவன் எழுதியது. அந்த இலைதான் அந்தப் படத்தில் இருக்க வேண்டியது. 'இல்லை' என்று எழுதிய என் குறைப் பத்தியை அடித்துவிடவும். அடுத்த சுற்றுக்கு உங்கள் படம் வர வேண்டும். ஏகாம்பரம்."

தானியேல் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். மூங்கில் என்ற இடத்தில் தலையை ஆட்டினார். பிறகு மிஷினை மூடிவிட்டு எழுந்தார். கடையைச் சாத்திக்கொண்டு நேராக ஏரிக்குப் போனார். நானும் கூடப் போனேன். கழுத்தளவு தண்ணீரில் நின்று நான்கு மூங்கிலையும் பிடுங்கிக் கரையில் போட்டார். மழைத்தண்ணீர், குளிர்ந்திருந்தது. அவர் அழுதிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

அதன்பின் எட்டு வருஷம் அவர் வட்டத்தில் இருந்தார். எல்லாப் படங்களும் கரையிலிருந்தே எடுத்தவை. பறவைகள் மிகச் சிறியதாகத் தெரியும்; பல படங்களில் தண்ணீரும் சம்பும் மட்டும்தான். பொருள் தெளிவாக இல்லை என்று குறைப் பத்தியில் எல்லோரும் எழுதினார்கள். அவர் எதையும் சரிசெய்யவில்லை. அந்தக் கடிதத்தை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். தேதியை நான் குறித்துக்கொண்டேன். வந்த நாள் 9-11-1978, வியாழக்கிழமை.