ராசையா கட்டிலாண்ட பதினாலு மூட்ட

எனக்குக் கோவம் சுருக்குன்னு வந்துடும். எர்ணாவூர்ல எங்க டீக்கடைக்கு வர்ற லாரிக்காரனுங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவானுங்க, அஜீசுன்னிசா வாயில வுழுந்தவன் எழுந்து போனதா சரித்திரமே இல்லன்னு. ஆனா இந்த ஊர்ல ஒருத்திக்கு மட்டும் நான் அடங்குவேன். அவ பேரு வேம்பு. என் கடைச் செவுத்துக்கு அந்தாண்ட பக்கம் மாட்டுக் கொட்டாய் வெச்சிகினு கீறா. அவ கறக்கற பாலத்தான் இத்தினி வருஷமா நான் காய்ச்சறேன்.

வேம்புக்குப் புள்ள குட்டி கெடயாது. புருஷன் ராசையா, ஒரு மாடு, ஆடி மாசம் பொறந்த கன்னுக்குட்டி, அம்புட்டுதான் குடும்பம். மாட்டுப் பேரு கப்பல். வயித்த இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கினு அது தெருவுல வர்ற சோக்கப் பாத்துட்டு நான் வெச்ச பேரு அது. வேம்பு மொதல்ல மொறைச்சா, அப்பால அவளே "வாடி என் கப்பலு"ன்னு கூப்ட ஆரமிச்சுட்டா.

ராசையாண்ணன் மணலியில லாரி கிளீனரா இருந்தவரு. பத்து வருஷத்துக்கு முன்ன ஏதோ ஒரு குடோன்ல, வெயில்ல வெச்ச டிரம்மு ஒண்ணு காத்து அடைச்சு உப்பிக்கினே வந்து வெடிச்சுது. பக்கத்துல நின்ன அவரோட தோஸ்து அங்கயே பூட்டாரு. அண்ணன் உசுரு பொழைச்சாரு, நெஞ்சு பூட்ச்சு. நாலு வார்த்த சேந்தாப்ல பேசினா இருமல் வந்துடும். வூட்டுக்குள்ள மூச்சு முட்டுதுன்னு கொட்டாயிலயே கட்டில் போட்டுக்கினு, மாட்டுக்குத் தண்ணி காட்டறது, சாணி அள்றதுன்னு காலம் ஓட்டறாரு. பேச்சே கெடயாது. டீ வேணும்னாகூட கடை முன்னால வந்து நிப்பாரு, நானா பாத்துக் குடுக்கணும்.

போன வருஷ மழையப் பத்தி சொல்லணும். ஐப்பசிக் கடைசில புடிச்ச மழ, மணலி ரோட்டுல இடுப்பளவு தண்ணி. வைக்கோல் வண்டி வரல. பச்சப் புல்லு கொண்டார்ற ஆளும் வரல. அப்ப வேம்பாண்ட கப்பலோட ஆத்தாளும் இருந்துச்சு, பெரியவள்னு கூப்புடுவோம். ரெண்டு மாட்டுக்கும் வேம்பு தெருத்தெருவா காய்கறித் தோலு பொறுக்கிக்கினு வந்தா. அது எந்த மூலைக்கு? பெரியவளுக்கு விலா எலும்பு ஒவ்வொண்ணா எண்ணலாம்ன்ற மாரி ஆயிடுச்சு. கடைசில தரகரு ராமசுப்புவ வரச்சொல்லி ஓட்டி உட்டுட்டா. மாடு திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே போவுது, இவ கொட்டாய்க்குள்ள குந்திக்கினு வெளிலயே வரல.

அன்னிக்குத்தான் சொன்னா. "அக்கா, அடுத்த மழைக்குக் கப்பலுக்குத் தீனி சேத்து வெக்க முடிலன்னா இத்தயும் குடுத்துருவேன். பட்டினி போட்டு மாடு வளக்கறது பெரும் பாவம்க்கா. எனக்கு மாடே வேணாம்."

கப்பல குடுத்துட்டு இவ இன்னாத்துக்கு இருப்பா? ஆனா வேம்பு சொன்னா சொன்னதுதான், அந்த வீம்பு எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் மாதவரத்துல மாட்டுக்காரங்களுக்கு ரெண்டு நாளு இன்னாமோ சொல்லித் தர்றாங்கன்னு கேள்விப்பட்டு, பஸ்சு புடிச்சுப் போனா. திரும்பி வந்தவ மூஞ்சியப் பாக்கணுமே, லாட்டரி அடிச்சவ மாரி. "அக்கா, சோளத்தட்டைய ஊறுகா போடலாமாம்! ஒரு வருஷம் கெடாதாம்! சைலேஜுன்றாங்க."

"மாட்டுக்கு ஊறுகாயா? அப்ப தயிர்சோறு நான் ஆக்கித் தர்ட்டா?"ன்னேன்.

"சிரிக்காதக்கா. மக்காச்சோளத்தக் கதிரோட பச்சையா அறுத்து, பொடுசா வெட்டி, பையில போட்டு, பொட்டுக் காத்து இல்லாம மிதிச்சுக் கட்டிடணும். நாப்பத்தஞ்சு நாளு தொடக் கூடாது. காத்து பூந்துச்சோ, அல்லாம் குப்பைக்குத்தான்."

அதுலேருந்து அவளுக்கு அதே ஞாபகம். பொன்னேரி பக்கம் ஒரு ஆளாண்ட பேசி வெச்சு, சோளத்தப் பாக்க மூணு தபா போயிட்டு வந்தா. கதிர உரிச்சு மணிய நகத்தால கீறணுமாம். பாலா ஓடினா அவசரம், மாவா உதுந்தா லேட்டு. தயிர் மாரி நிக்கணும், அன்னிக்கு அறுக்கணும். பொரட்டாசில ஒரு நாளு காலைல மினி லாரில வந்து எறங்கிச்சு சோளம். தெருவே பச்ச வாசன. ரிஃபைனரி வாசனையிலயே பொறந்து வளந்த எங்க சனம் வெளிய வந்து மூக்க உறிஞ்சிக்கினு நிக்குது.

தட்ட வெட்டற மெஷின வாடகைக்கு எடுத்து வெட்டினோம். வெட்டினத ஒரு கை அள்ளி இறுக்கிப் புடிச்சுப் பாப்பா வேம்பு. தண்ணி சொட்டினா கொஞ்ச நேரம் ஆற உடுவா. கைய விரிச்சதும் உருண்டை மெதுவா உதுந்தா, "ம், போடு"ன்னுவா. காலி டிரம்முக்குள்ள தடியான பிளாஸ்டிக் பைய உட்டு, அதுல கொட்டி, உள்ள எறங்கி மிதிக்கணும். மிதிக்கற வேல யாருக்கு? எனக்கு!

"அக்கா, நீ ஒரு தபா எறங்கினா போதும். காத்து தானா ஓடிடும்"ன்றா.

"ஏன்டி, என் ஒடம்பு மேல உனக்குக் கண்ணா?"ன்னு திட்டிக்கினே எறங்கினேன். முப்பது பையும் நான் மிதிச்சதுதான். ராசையாண்ணன் பை வாய முறுக்கி, மடிச்சு, லாரி டியூப் ரப்பரால இறுக்கிக் கட்டினாரு. தார்ப்பாய் கட்டிப் பழகின கை, முடிச்சு அப்டி நிக்கும். டிரம்முலேருந்து மூட்டய உருவி, வேம்பு பால் கறக்கற எடத்துல, என் கடைச் செவுத்த ஒட்டி பதினாறு மூட்ட அடுக்கினோம். அங்க எடம் பத்தல. மிச்சம் பதினாலும் கொட்டாய் அந்தக் கோடில, அண்ணன் கட்டிலச் சுத்தி.

நாலாம் நாளு மூட்டைங்க உப்பிச்சு பாருங்க. சொம்மா எண்ணெயில போட்ட பூரி மாரி. எனக்கே பயம் வந்துடுச்சு. வேம்பு கொஞ்சங்கூட அலட்டிக்கல. "மாதவரத்து மாட்டு டாக்டரம்மா சொன்னாங்க, மொதல்ல கேசு வரும், தானா அடங்கும், தொடாதீங்கன்னு"ன்னா. முப்பது மூட்டயும் உப்பிக்கினு நிக்குது, இவ அதும் மேலயே சாஞ்சிக்கினு தன் பாட்டுக்குப் பால் கறக்கறா. ராசையாண்ணன் மட்டும் மூட்டயப் பாக்கறதும் இவளப் பாக்கறதுமா நின்னாரு. "வேம்பு, கொஞ்சம் தள்ளி குந்தேன்"ன்னாரு. "அட போய்யா, நீ வேற"ன்னுட்டா.

ஒரு வாரத்துல அல்லாம் அடங்கிடுச்சு. "பாத்தியாக்கா, நான் சொன்னேன்ல"ன்னு வேம்புக்குப் பெரும தாங்கல. தெனம் ஒரு தபா மூட்டயத் தடவிக் குடுத்துட்டுத்தான் வேலைக்குப் போவா.

நாப்பத்தஞ்சு நாளு முடியறப்ப மழ ஆரமிச்சுது. மணலி ரோட்டுல மறுபடியும் தண்ணி. வைக்கோல் வண்டி வரலன்னு சேதி வந்தப்ப வேம்பு சிரிச்சா. "வராட்டி பூவட்டும்"ன்னா. என்னயும் கூப்ட்டு, பால் கறக்கற பக்கம் மொத மூட்டயப் பிரிச்சா.

யா அல்லா! அந்த நாத்தம் இன்னும் என் மூக்குல கீது. மேல வெள்ளப் பூஞ்சாணம், உள்ள கறுப்பா கொழகொழன்னு, ஒரே கலீஜ். கப்பல் மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. ரெண்டாவது மூட்டயும் அதே. மூணாவதும் அதே. நாலாவதத் தொடறதுக்கு அவளுக்குக் கை வரல.

"அதயும் பிரிச்சுப் பாருடி"ன்னேன்.

"எதுக்குக்கா? ஒரே நாளு, ஒரே சோளம், ஒரே கை. என் கைதான் சரியில்ல. நான் எதையோ தப்பா பண்ணிட்டேன்." அழுவல. அழுதிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். போன எடுத்து ராமசுப்புக்குப் பேசினா. நாளைக்குக் காலைல வந்து கன்னோட ஓட்டிக்கினு பூடுங்கன்னு. நான் கத்தினேன், திட்டினேன், உன்னோட பேச்சே கெடயாதுன்னுகூட சொன்னேன். அவ கப்பல் கழுத்தக் கட்டிக்கினு நின்னா.

மறுநாள் காலைல கொட்டற மழையில ராசையாண்ணன் கடைக்கு வந்தாரு. டீய நீட்டினேன். வாங்கல.

"தங்கச்சி, அவ கையி தப்பு பண்ல. நாந்தான் குத்தனேன்."

"இன்னாத்த குத்தன?"

"மூட்டய. கோணி ஊசியால. அவ பால் ஊத்தப் போனப்ப." இருமல் வந்துடுச்சு. நின்னு, மூச்சு வாங்கிட்டு சொன்னாரு. "அது உப்பிக்கினே கீது. அவ அதும் மேல சாஞ்சிக்கினு கீறா. அன்னிக்கு டிரம்மும் இப்டித்தான் உப்பிச்சு. நாங்களும் இப்டித்தான் சாஞ்சிக்கினு பேசிக்கினு இருந்தோம். தள்ளி குந்துன்னேன், கேக்கல."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "அறிவு கீதாய்யா உனக்கு? காத்து பூவக் கூடாதுன்னு ஊரக் கூட்டி மிதிச்சு வெச்சா, நீ ஓட்டையா போட்டு வெச்சிருக்க? என் காலு ஒரு வாரம் வீங்கிக் கெடந்துச்சே, எதுக்கு? அவ நேத்துலேருந்து தன்னையே திட்டிக்கினு கீறாளே, அப்பவே சொல்றதுக்கு இன்னா கேடு?"

"பயம்" அப்டின்னாரு. அவ்ளோதான். வயசான மனுஷன், மழையில நனஞ்சிக்கினு, தலையக் குனிஞ்சிக்கினு நிக்கறாரு.

"முப்பதயுமா குத்தன?"

"இல்ல தங்கச்சி. அவ கறக்கற பக்கம் பதினாறு. செவுத்துக்கு இந்தாண்ட நீயும் கீற, சனமும் வந்து குந்துது."

"அப்ப கட்டிலாண்ட கீறது?"

"அத்தத் தொடல. அவதான் தொடாதன்னு சொன்னாளே."

"அது மட்டும் வெடிக்காதா?"

"வெடிச்சா எனக்குத்தானே"ன்னாரு, டீ வேணாம்ன்ற மாரி சாதாரணமா.

பாய்லர அப்டியே உட்டுட்டு ஓடினேன் நான். ராமசுப்பு கொடைய மடிச்சிக்கினு கொட்டாய்க்குள்ள நுழையறாரு. வேம்பு கயித்த அவுத்துக் கையில வெச்சிகினு கீறா. "ஓய், நில்லு!"ன்னு ஒரு சத்தம் போட்டேன். கட்டில ஒரே தள்ளு தள்ளிட்டு, கைக்குக் கெடச்ச மூட்ட வாய அவுத்தேன்.

நாத்தம் இல்ல. புளிச்ச தோசமாவும் வெல்லமும் கலந்த மாரி ஒரு வாசன. உள்ள மஞ்சளும் பச்சையுமா, வெட்டினது வெட்டின மாரியே கீது. வேம்பு கையில இருந்த கயித்த இழுத்துக்கினு கப்பல் தானா வந்துச்சு. மூக்க மூட்டக்குள்ள உட்டுச்சு. அப்பால அது துன்ற சத்தந்தான் கேட்டுச்சு.

வேம்பு அப்பதான் அழுதா. கீழ குந்திக்கினு, கன்னுக்குட்டிய மடில இழுத்துப் போட்டுக்கினு, ஓன்னு அழுதா. நானும் அழுதேன், எனக்கு இன்னா வெக்கம்? ராமசுப்பு நல்ல மனுஷன், கட்டிலாண்ட மூட்டைங்கள எண்ணிப் பாத்தாரு. "பதினாலு மூட்ட இந்த மழையத் தாண்டிடும்மா, வைக்கோல் வந்ததும் சேத்துப் போடு"ன்னுட்டு, கொடைய விரிச்சு நடந்துட்டாரு.

அப்பால நான் அவகிட்ட அல்லாத்தையும் சொன்னேன். ஊசி, டிரம்மு, தோஸ்து, பதினாறு, பதினாலு. "வெடிச்சா எனக்குத்தானே"ன்றதச் சொன்னப்ப அவ அழுவய நிறுத்திட்டா. ராசையாண்ணன் வாசப்படில நனஞ்சிக்கினு நிக்கறாரு, உள்ள வர தைரியம் இல்லாம. இவ எழுந்தா. போய் அவரு நெஞ்சுல நறுக்குன்னு ஒரு குத்து உட்டா. மெதுவாத்தான்.

"யோவ், உனக்குன்னா அது எனக்கு இல்லியா? பத்து வருஷமா நீ இருமறப்ப அல்லாம் எழுந்து குந்திக்கினு கீறேனே, அது யாருக்குய்யா? அடுத்த தபா மூட்ட உப்பினா என் பாயும் உன் கட்டிலாண்டதான். வெடிச்சா ரெண்டு பேருக்கும் சேந்து வெடிக்கட்டும்."

அவ முந்தானையால அவரு தலையத் துவட்டி உட்டா, அண்ணன் நின்னு குடுத்தாரு. அப்பால உள்ள வந்து, கப்பல் மூஞ்சிய மெதுவா நவுத்திட்டு, தொறந்த மூட்ட வாய முறுக்கி மடிச்சு, காத்து பூவாத மாரி இறுக்கிக் கட்டினாரு.