எலுமிச்சம்பழம் செருகிய பெருவிரல்

கருத்தம்மாளை நான் முதலில் நம்பவில்லை. கோர்ட்டுப் படி ஏறுகிற யாரையும் நம்புவதில்லை. பதினெட்டு வருஷமாக வக்கீல் குமாஸ்தா, வேறெப்படி இருப்பேன்? நாற்பத்து மூன்றில், யுத்த காலத்தில், திருச்சுழிப் பக்கத்திலிருந்து எங்கள் அருப்புக்கோட்டை ஆபீசுக்கு வந்தாள். தகப்பன் சீதனமாக எழுதிவைத்த மூணு ஏக்கர் கரிசலை, புருஷன் செத்ததும் கொழுந்தன் மடக்கிக்கொண்டான். அது போனால் அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் கஞ்சியில்லை. வக்காலத்தில் இடது பெருவிரலை நாட்டினாள். பருத்தி விற்று பீஸையும் முன்னாலேயே கட்டிவிட்டாள்.

அப்புறம்தான் எங்கள் வக்கீல் ராஜகுருவுக்கு இரக்கம் பொத்துக்கொண்டு வந்தது. வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் என்று எட்டணா கொடுத்தார். கட்சிக்காரருக்கு வக்கீல் கைமாற்றுக் கொடுக்கக் கூடாது, வழக்குச் சொத்தில் கண் வைக்கவும் கூடாது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெற்றிலையைக்கூட எண்ணி வாங்குகிற மனுஷனுக்கு இதென்ன திடீர் தருமம்? மூன்றாம் வாய்தாவன்று வெற்று முத்திரைத்தாள் ஒன்றை நீட்டினார்.

"பணம் வாங்குனதுக்கு ஒரு அடையாளம். கைநாட்டு வாங்கிப் போடும், ஜெபதுரை."

வெற்றுத்தாளில் நாளைக்கு எதையும் எழுதிக்கொள்ளலாம், நிலத்தையே விற்றுவிட்டாள் என்றுகூட. சம்பளத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டு தாளை அவள் முன் வைத்தேன். அடுத்த தடவை வைக்கிறேன் என்று சொல்லிப் போனாள்.

அடுத்த தடவை இடது பெருவிரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு வந்தாள். நகச்சுத்தியாம். பத்திரத்துக்கு இடது ரேகைதான் செல்லும், வலதைக் கேட்கவும் வழியில்லை. அதற்கடுத்த வாய்தாவுக்கும் நகச்சுத்தி. ஏழு மாசம் ஆறாத நகச்சுத்தியை எந்த ஊரில் கண்டோம்? பழம் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுசாக இருந்தது. நான்தான் ஏதோ சொல்லிக்கொடுத்தேன் என்று வக்கீல் என்னைச் சந்தேகப்பட்டார். சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

தீர்ப்பு அவள் பக்கம் ஆனது. அன்று சாயங்காலம் ராஜகுருவே அந்தத் தாளை எடுத்து அவள் முன் வைத்தார். கருத்தம்மாள் முந்தி முடிச்சை அவிழ்த்து, பதினோரு எட்டணாக்களை மேஜையில் அடுக்கினாள்.

"பஸ்ஸுக்குக் குடுத்தீகளே, அந்தக் காசுய்யா. வேண்டாம்னா கேசக் கைவிட்டுருவீகளோன்னு வாங்குனேன். நடந்துதேன் வந்தேன். திருப்பி வாங்கிக்கிட்டேன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, கையெழுத்தோட."

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வேறு கட்சிக்காரர்கள் நின்றுகொண்டிருந்ததால் எழுதிக் கொடுத்தார்.

மன்னிப்புக் கேட்க வாசல்வரை அவள் பின்னால் போனேன். வெட்கம் பிடுங்கித் தின்றது, வார்த்தை வரவில்லை. அவள் பழத்தை உருவினாள். விரலில் ஒரு கீறல்கூட இல்லை. பழத்தை என் கையில் வைத்தாள்.

"எனக்கு விரல்ல ஒண்ணுமில்ல. ஒங்க வாய்க்குத்தேன் என்ன நோக்காடோ. இத வச்சுக் கட்டிப் பாருங்கய்யா."