பதினாலாம் நம்பர் வீட்டு விண்ணப்பம்

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் கூலிம் பக்கத்தில் எங்கள் எஸ்டேட்டிலும் நிப்பொங்கோ என்ற ஜப்பான் மொழி வகுப்பு நடந்தது. ரப்பர் பால் வெட்டு நின்றுபோய், எல்லாரும் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்த நேரம். வகுப்புக்கு வரும் பிள்ளைக்குக் கொஞ்சம் அரிசி கூடுதலாகக் கிடைக்கும் என்றார்கள். அதனால்தான் அப்பா அண்ணனோடு என்னையும் அனுப்பினார். என் படிப்பின் மேல் அவருக்குப் பெரிய அக்கறை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எனக்கு அந்த மொழி சட்டென்று பிடிபட்டது. அண்ணனுக்கு வரவில்லை. ஜப்பான் ராஜா இருக்கும் கிழக்கே திரும்பிக் குனிந்து வணங்குவதும், நெஞ்சை நிமிர்த்திப் பாடுவதும் அவனுக்குப் பிரமாதமாக வரும். எழுதச் சொன்னால் மட்டும் கோழி கிளறிய மாதிரி இருக்கும். அவன் பாடத்தையும் நான்தான் எழுதிக் கொடுப்பேன்.

வாத்தியார் முன்பு எங்கள் தமிழ்ப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். மூன்றே மாதத்தில் நிப்பொங்கோ வாத்தியாராகியிருந்தார். ஒருநாள் அவர் ஓர் அறிவிப்பைப் படித்தார். நன்றாக எழுதும் பிள்ளை ஒருவரை ஜப்பானுக்கே அனுப்பிப் படிக்கவைக்கப் போகிறார்களாம். என்ன படிக்க ஆசை, ஏன் ஆசை என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்.

"பொம்பளப் புள்ள எழுதலாமா சார்?" என்று கேட்டேன்.

"கூடாதுன்னு இதுல போடலியே. எழுது லா" என்றார்.

ஐந்து நாள் எழுதினேன். முந்தின மழைக்காலத்தில் என் தம்பி மலேரியாவில் செத்துப்போயிருந்தான். மருந்துக் கொட்டகையில் ஒரு மாத்திரைகூட இல்லை. அவனுக்குக் கஞ்சி ஊட்டியதும், கடைசி இரண்டு நாள் அவன் கஞ்சியைத் துப்பியதும், நான் வைத்தியம் படிக்க வேண்டும் என்பதும் அந்தப் பக்கத்தில் இருந்தன. அண்ணன் அந்த நாட்களில் நோய்க்குப் பயந்து கூட்டாளி வீட்டில் படுத்துக்கொண்டவன்.

தாளின் தலையில் எங்கள் வழக்கப்படி அப்பா பெயரையும் 'பதினாலாம் நம்பர் வீடு' என்பதையும் எழுதினேன். எஸ்டேட் ஆபீசுக்கு எது எழுதினாலும் அப்படித்தான். அரிசி அட்டை, லீவு, மருந்து எல்லாம் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்து வீட்டு நம்பரில்தான் போகும். என் பெயரை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த மடத்தனத்துக்காக இன்றும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது. எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அப்பா கீழே கைநாட்டு வைத்தார்.

ஒரு மாதம் கழித்து ஜப்பான் அதிகாரி ஒருவர் லயத்துக்கே வந்துவிட்டார். கூடவே எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியும் வாத்தியாரும் வந்தார்கள்.

"பதினாலாம் நம்பர் வீட்டுப் புள்ளையத்தான் எடுத்திருக்காங்க. யார் எழுதினது?" என்று கிராணி கேட்டார்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வாயைத் திறப்பதற்குள் அப்பா, "என் மவன்தாங்க" என்றார்.

அண்ணன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். பிறகு முன்னால் போய், பிசகாமல் குனிந்து வணங்கினான். தம்பியை இழந்த பிள்ளை என்று அதிகாரி அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். வாத்தியாருக்கு என் கையெழுத்து நன்றாகத் தெரியும். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

அவர்கள் போனதும் கத்தித் தீர்த்தேன்.

"பொட்டப் புள்ளய கப்பல் ஏத்திட்டு நான் எப்படித் தலைநிமிந்து நடக்கிறது? இவன் இங்க இருந்தா சயாம் ரயிலுக்குப் புடிச்சிட்டுப் போயிருவானுங்க. அங்க போயாச்சும் பொழைக்கட்டும்" என்றார் அப்பா.

ரயில் பாதை போட சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திரும்பவில்லை என்பது எனக்கும் தெரியும். அதனால் அதற்குமேல் பேச முடியவில்லை. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நானே விட்டுக்கொடுத்திருப்பேனோ என்னவோ. அண்ணனோ, "அப்பா சொல்லிட்டாரு, நான் என்ன செய்யட்டும்?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

அவன் புறப்பட்ட அன்று, "அண்ணனுக்கு ஆரத்தி எடுடி" என்றாள் அம்மா. எடுத்தேன். பொட்டு வைக்கும்போது விரல் அழுந்திவிட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு லாரி ஏறும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

நாலைந்து மாதம் கழித்து முதல் கடிதம் வந்தது. நிப்பொங்கோவில் எழுதினால்தான் கடிதம் போகுமாம். வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எழுதும்போது அது அவனுக்கும் தெரியும்.

வாய்விட்டுப் படித்தேன். அப்பா இருமல் தேவலையா, அம்மா கால்வலி எப்படி, செவலை கன்று போட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தான். அதோடு கையெழுத்துப் போட்டிருந்தான். தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

அப்பாவும் அம்மாவும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே நிறுத்த எனக்கு வெட்கமாக இருந்தது.

"தங்கச்சி எப்படி இருக்கான்னும் கேட்டிருக்கான்" என்றேன்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தியாடி, நீதான் அவன்மேல கோவமா இருக்கே. அவன் உன்னை மறக்கல பாரு."